கண்ணை மட்டும் விட்டுட்டு

பிரான்சிஸ்காவின் வலது கையிடம் ஒரு முறையாவது வாங்காத பிள்ளை அந்த ஆய்வுகூடத்தில் கிடையாது. கன்னத்தில் வாங்கியவர்கள் உண்டு, முதுகில் வாங்கியவர்கள் உண்டு. தடித்த, குட்டையான விரல்கள். அடி விழுந்த பிறகுதான் என்ன பிழை விட்டோம் என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

மன்னாரில் தோட்டவெளியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பும் மணல் ஒழுங்கையில், ஒரு பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்திருந்த பழைய கல்வீடுதான் ஆய்வுகூடம். சமைக்கிற குசினி இரசாயன அறையாகியிருந்தது. விறாந்தையில் மீன் வெட்டும் மேசை. படுக்கையறையில் பெரிய குளிர்பெட்டி, அதற்குள் பாரையும் சூடையும் பெயர் எழுதிய பைகளில் விறைத்துக் கிடந்தன. கடல்மீனில் ஈயமும் பாதரசமும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குச் சொந்தக்காரர் மில்ரன் சேர். அவர் பல்கலைக்கழக வளாகத்தில் இருப்பார். எப்போதாவது ஒரு நாள் வாகனத்தில் வந்து இறங்கி, ஏசி வேலை செய்யவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு, பின்னேரத்துக்குள் திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் அந்த வீடு பிரான்சிஸ்காவின் ராச்சியம்.

வேலை செய்தவர்கள் தொண்டர்கள். ஏ.எல். சோதனை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று வருடக்கணக்காகக் காத்துக்கிடக்கிற பிள்ளைகள். சம்பளம் இல்லை, முடிவில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். தொண்டர் ஆசிரியர்களை ஒரு காலத்தில் நிரந்தரமாக்கினார்களே, எங்களையும் ஆக்குவார்கள் என்று அவர்களாகவே ஒரு கதையைக் கட்டிவைத்திருந்தார்கள். மில்ரன் சேர் அந்தக் கதையை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. சும்மா உழைக்க ஆள் கிடைத்தால் யார்தான் வாயைத் திறப்பார்கள்?

இந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதும் பக்கத்தில் நின்று பார்ப்பதும் பிரான்சிஸ்காவின் பொறுப்பு. சேர் அனுப்பிய ஆங்கிலப் படங்களைச் சுவரில் காட்டி, ஒவ்வொரு படத்துக்கும் தன் தமிழில் விளக்கம் சொல்வாள். அமிலக் கழிவு சிவப்பு மூடிப் போத்தலுக்குள். மீன் ஊறப்போட்ட ஸ்பிரிட் கழிவு நீல மூடிப் போத்தலுக்குள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. கண்ணாடி போடாமல் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. ஒவ்வொன்றும் முடிய, "விளங்கிச்சோ?" என்பாள். பூசையில் பதில் சொல்வதுபோல ஒரே குரலில் "ஓம் மிஸ்" என்று வரும். அந்த ஓம் கேட்டால் அவளுக்கு நிம்மதி. பயிற்சி முடிந்தது.

அதற்குப் பிறகு நடப்பது கையின் வேலை. பப்பாசி இலைத்தண்டால் ஜூஸ் குடிப்பதுபோல ஜெனோஜன் ஒரு நாள் பிப்பெற்றுக் குழாயை வாயில் வைத்து அமிலத்தை உறிஞ்சப் போனான். அவள் பின்னால் நின்று விட்ட அறையில் கண்ணாடிக் குழாய் பறந்துபோய்ச் சுவரில் உடைந்தது, அவனுடைய கீழ் உதடு பிளந்தது. இரத்தத்தைத் துப்பிக்கொண்டு நின்றவனிடம், "இனி வாயில வைப்பியோ?" என்று கேட்டாள். "இல்லை மிஸ்." "விளங்கிச்சோ?" "ஓம் மிஸ்." மறுநாள் அவனுடைய தாய் வந்தபோது சண்டைதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த மனுசி ஒரு பை முருங்கைக்காயை நீட்டி, "இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம் மிஸ், வீட்டிலயும் சொல்வழி கேக்கிறானில்லை" என்றாள். இந்த ஊரில் படிப்பிக்கிறவருடைய கைக்கு அப்படியொரு உரிமை இருந்தது.

பிரான்சிஸ்கா அந்த உரிமையை யாரிடமும் கேட்டு வாங்கியவள் அல்ல, அடிக்குள்ளேயே வளர்ந்தவள். தகப்பன் அந்தோனிமுத்து மன்னார்க் கடலில் டைனமைட் போட்டு மீன் பிடித்தவர். சமாதான காலத்தில், கடல் திறந்துவிட்ட புதிதில், கரையெல்லாம் வெடிச் சத்தம்தான். தம்பி வின்சன்ட் திரி வெட்டிக் கொடுப்பான். பிழை விட்டால் தகப்பன் அவனை நடுமுற்றத்தில் நிற்கவைத்துத் தென்னை ஈர்க்குக்கட்டால் விளாசுவார். ஒரு காலை, வள்ளத்தைத் தள்ளும்போது, "எல்லாத் திரியும் சரியா வெட்டினியோ?" என்று அவர் கேட்டதும், "ஓம் அப்பா" என்று தம்பி சொன்னதும் கரையில் நின்ற பிரான்சிஸ்காவுக்குக் கேட்டது. கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில்தான் வெடித்தது. வெடி தண்ணீருக்குள் போகவில்லை, அந்தோனிமுத்துவின் கையில் இருந்தது. வள்ளத்தை இழுத்துவந்து கரையேற்றியபோது வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. வள்ளத்தின் அடியில் செத்த மீன் குஞ்சுகளோடு விரல்களும் கிடந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மிச்சமிருந்த இடது கையில் துடுப்பை எடுத்து வின்சன்டை அடித்தார். பிள்ளை மண்ணில் விழுந்து சுருண்ட பிறகும் அடித்தார். தாய் குறுக்கே விழுந்து தன் தோளில் வாங்கினாள். பிரான்சிஸ்கா வாசலில் நின்று பார்த்தாள். அவள் அழவில்லை. முதலே இப்படி நாலு அடி போட்டிருந்தால் தம்பி கவனமாக இருந்திருப்பான், அப்பாவின் கையும் மிஞ்சியிருக்கும் என்றுதான் அவளுக்குப் பட்டது. அந்தக் கணக்கை அவள் பிறகு ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. வின்சன்ட் எலும்பு பொருந்தியதும் நீர்கொழும்புக்கு ஓடிப்போனான், தகப்பனின் செத்த வீட்டுக்கும் வரவில்லை. பிரான்சிஸ்கா படித்து, ஆய்வுகூட வேலைக்கு வந்து, கலியாணமும் கட்டினாள். குடித்துவிட்டு ஒருநாள் கை நீட்டிய புருஷனின் முன்பல்லை உலக்கையால் தட்டிவிட்டாள். அவர் இப்போது கட்டாரில் இருக்கிறார், போனில் மிக மரியாதையாகப் பேசுகிறார்.

றிஸ்மினாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர் தகப்பன் பாயிஸ். எருக்கலம்பிட்டியில் கருவாட்டு வியாபாரம். பிள்ளை உயிரியலில் நல்ல பெறுபேறு, ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டது, இரண்டாம் தரமும் எழுதிவிட்டுக் காத்திருந்தாள். மெலிந்த பிள்ளை. தலைச்சீலைக்குள் இரண்டு பெரிய கண்கள்தான் முதலில் தெரியும். நுணுக்குக்காட்டியில் மீன் முட்டையைப் பார்த்தாளென்றால் சாப்பாட்டு நேரத்துக்கும் எழும்ப மாட்டாள்.

பாயிஸ் சேட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும் எல்லாத் தகப்பன்மாரும் சொல்வதையே சொன்னார். "மிஸ், கண்ணை மட்டும் விட்டுட்டு மற்றதெல்லாம் உங்களுக்கு. தோலை உரிச்செண்டாலும் ஆளாக்கி விடுங்கோ."

"அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம் நானா. இஞ்ச கண்ணுக்குத்தான் முதல் காவல்" என்று பிரான்சிஸ்கா பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டினாள். பாயிஸ் சிரித்தார். பிள்ளையும் சிரித்தாள்.

றிஸ்மினா ஒரே ஒரு தரம் அடி வாங்கினாள். கையுறையோடு கதவுப் பிடியைத் தொட்டதற்காக, தோளில் ஒன்று. அழவில்லை. அன்றைக்குப் பிறகு எதைக் கேட்டாலும், கேள்வி முடியுமுன்பே, "ஓம் மிஸ்" என்றாள். எவ்வளவு கெட்டிக்காரி என்று பிரான்சிஸ்கா சேரிடம் புகழ்ந்தாள்.

அது கச்சான் காற்று மணலை அள்ளி ஜன்னலில் எறிந்த ஒரு முற்பகல். மீன்சதையை நைத்திரிக் அமிலத்தில் கரைக்கும் வேலை முடிந்து, மிச்ச அமிலத்தைக் கழிவில் ஊற்றவேண்டியிருந்தது. குசினியில் றிஸ்மினா மட்டும். சிவப்பு மூடிப் போத்தல் கழுத்துவரை நிரம்பியிருந்தது. புதுப் போத்தல் பிரான்சிஸ்காவின் பூட்டிய அலுமாரியில், திறப்பு அவளுடைய இடுப்பில். விறாந்தையிலோ அவளுடைய குரல் கூரையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஜெனோஜன் சப்பாத்துக்குப் பதிலாகச் செருப்போடு வந்திருந்தான்.

றிஸ்மினா விறாந்தைக் கதவுவரை வந்தாள். "மிஸ்..."

"என்ன?" பிரான்சிஸ்கா திரும்பினாள். கை ஜெனோஜனுக்காக ஓங்கியபடியே இருந்தது.

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தாள். "ஒண்டுமில்ல மிஸ்."

"கழிவு சரியான போத்தலுக்க போகுதோ?"

"ஓம் மிஸ்."

"கண்ணாடி போட்டிருக்கிறியோ?"

"ஓம் மிஸ்." கண்ணாடி நெற்றியில் ஏற்றியிருந்தது, புழுக்கத்தில் ஆவி படிந்து மங்கிவிட்டதென்று. பிரான்சிஸ்கா அதைப் பார்க்கவில்லை. ஓம் கேட்டதும் பார்க்கும் தேவை அவளுக்கு இல்லாமல் போயிற்று.

பிள்ளை திரும்பிப் போய், இடம் இருந்த போத்தலுக்குள் அமிலத்தை ஊற்றினாள். அது நீல மூடி. ஸ்பிரிட். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போத்தலின் கழுத்துக்குள் கபில நிறமாகப் புகை சுழன்றது. அந்தப் புகை வந்தால் வெளியே ஓடிவந்து கத்தவேண்டும் என்று சுவரில் காட்டிய படத்தில் இருந்தது. றிஸ்மினாவுக்கு முதலில் நினைவு வந்ததோ பிரான்சிஸ்காவின் மூக்கு. மணம் வெளியே போய்விடக் கூடாதென்று மூடியைப் போட்டு, இரண்டு கையாலும் இறுக்கினாள். போத்தல் சுடத் தொடங்கியது. உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிடலாம் என்று குனிந்தாள்.

வெடித்த வெடியில் குசினிக் கதவு பிணைச்சலோடு கழன்று விறாந்தையில் விழுந்தது. ஒழுங்கையில் நின்ற கழுதைகள் கத்திக்கொண்டு ஓடின. பிரான்சிஸ்காவுக்குக் காது அடைத்துவிட்டது. கபிலப் புகைக்குள்ளிருந்து ஒரு உருவம் சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. தலைச்சீலையின் ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. முகத்தில் மஞ்சளும் சிவப்புமாக வழிந்தது, இடது கண் இருக்கவேண்டிய இடத்தில் போத்தல் துண்டு ஒன்று குத்திக்கொண்டு நின்றது. பிள்ளை கத்தவில்லை. "மிஸ் நான் வேணுமெண்டு செய்யேல்ல, மிஸ் நான் வேணுமெண்டு செய்யேல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிரான்சிஸ்கா எரிகிற சீலையைப் பிடித்துப் பிய்த்தெறிந்தாள். பிள்ளையின் கூந்தலைக் கொத்தாகப் பற்றி, முற்றத்துத் தண்ணீர்த் தாங்கிக்குத் தரதரவென்று இழுத்துப்போனாள். பைப்பைத் திறந்து, முகத்தை நிமிர்த்தித் தண்ணீருக்குக் கீழே அழுத்தினாள். அப்போதுதான் பிள்ளை அலறினாள். உதைத்தாள், கடித்தாள். பிரான்சிஸ்கா அவளுடைய நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வலது கண் இமையை விரலால் இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டு, தண்ணீர் அதற்குள் விழவிட்டாள். "செத்தாலும் விடமாட்டன்! முழி! முழியடி!" அமிலத்தண்ணீர் ஓடி ஓடி அவளுடைய உள்ளங்கை மஞ்சளாகி வெந்தது. ஜெனோஜன் மூலையில் நின்று வாந்தியெடுத்தான். அம்புலன்ஸ் வரும்வரை அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

வலது கண் தப்பியது அந்தத் தண்ணீரால்தான் என்று கொழும்பில் கண் வைத்தியர் சொன்னாராம். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

வளாகத்து விசாரணைக்கு முந்தின நாள் மில்ரன் சேர் வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "பிரான்சிஸ்கா, நீங்கள் கனக்கக் கதைக்கத் தேவையில்லை. பயிற்சி குடுத்தனான், விளங்கிச்சோ எண்டு கேட்டனான், ஓம் எண்டு சொன்னவ. அவ்வளவுதான். பிள்ளை விட்ட பிழை எண்டு முடிஞ்சிடும். நீங்களும் தப்பலாம், நானும் தப்பலாம்."

"அப்ப அந்தப் பிள்ளை?"

"அவ தொண்டர்தானே. விதியை மீறின பிள்ளைக்கு வளாகம் வைத்தியச் செலவு குடுக்காது. நாங்கள் என்ன செய்யிறது?" என்றார்.

வைத்தியச் செலவு மட்டுமா? வெட்டுப்புள்ளி வந்து இடம் கிடைத்தாலும், ஆய்வுகூடத்தை வெடிக்கவைத்தவள் என்ற பெயரோடு எந்த விஞ்ஞான பீடத்துக்குள் அவள் கால் வைப்பாள்? மிஞ்சிய கண்ணையும் சேர்த்துப் பிடுங்குவதற்குச் சமம் அது. பிரான்சிஸ்காவுக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் அவளுக்கும் இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை, கட்டார்க்காரனின் மரியாதையை நம்பி அடுப்பெரிக்க முடியாது.

மறுநாள் அதே விறாந்தையில், கழன்ற கதவைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, வளாகத்திலிருந்து வந்த மூன்று பேர் கதிரைகளில் இருந்தார்கள். நடுவில் இருந்த வயதானவர் கேட்டார். "நீங்கள் குடுத்த பயிற்சி அந்தப் பிள்ளைக்கு முழுசா விளங்கியிருந்ததோ?"

மில்ரன் சேர் அவளைப் பார்த்தார்.

"ஓம் சேர்" என்றாள் பிரான்சிஸ்கா.

தன் வாயிலிருந்து வந்த சத்தத்தை அவளே கேட்டாள். மெல்லிய, அவசரமான, கேள்வி முடியுமுன்பே முந்திக்கொண்ட ஓம். அது அவளுடைய குரல் இல்லை. வள்ளத்தடியில் நின்ற வின்சன்டின் குரல். திரி சரியாக இல்லையென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் அடி விழும் என்பதும் தெரிந்திருந்தது. அப்பாவின் கையைப் பறித்தது தம்பியின் கவனக்குறைவு அல்ல, அப்பாவின் ஈர்க்குக்கட்டு. இத்தனை வருடமாக அவள் அந்த ஈர்க்குக்கட்டைத்தான் பாதுகாப்பு என்று நினைத்துக் கையில் வைத்திருந்திருக்கிறாள்.

மேசையில் ஓங்கி அடித்தாள். தேநீர்க் கோப்பை உருண்டு விழுந்து சிதறியது, உள்ளங்கைக் கொப்புளம் வெடித்து மேசையின் வெள்ளைத் துணியில் நீர் பரவியது. "இல்லை சேர். பொய் சொல்லிப்போட்டன். அவளுக்கு விளங்கினதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. நான் அடிப்பன் சேர். எல்லாப் பிள்ளையளுக்கும் அடிப்பன். சிவப்புப் போத்தல் நிறைஞ்சுபோச்சு எண்டு சொல்லத்தான் அவள் கதவடிக்கு வந்தவள். என்ர கை ஓங்கியிருந்தது. ஒண்டுமில்ல மிஸ் எண்டுட்டுப் போயிட்டாள். மேற்பார்வைக்கு நான் ஒருத்திதான். நான் செருப்புக்குச் சண்டை பிடிச்சுக்கொண்டிருந்தன். எழுதுங்கோ. அப்பிடியே எழுதுங்கோ!"

"உங்களுக்கு என்ன விசரோ?" என்று மில்ரன் சேர் எழும்பினார்.

"ஓம், விசர்தான்! நீங்கள் ஒரு நாளெண்டாலும் இந்தக் குசினிக்குள்ள வந்து நிண்டனீங்களோ?" அவள் அவருடைய சேட்டைப் பிடித்தேவிட்டாள். மற்றவர்கள் வந்து பிரிக்கவேண்டியிருந்தது.

அன்று பின்னேரமே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஆனால் அவள் சொன்னதை எழுதித்தான் ஆகவேண்டியிருந்தது. பிழை பிள்ளையுடையது அல்ல என்றும், வைத்தியச் செலவு வளாகத்துடையது என்றும் முடிவாயிற்று. கடிதத்துக்குக் காத்திராமல், இந்தச் செய்தியை வாயால் சொல்லிவிடவேண்டும் என்று பிரான்சிஸ்கா எருக்கலம்பிட்டிக்குப் போனாள்.

படலையைத் திறந்ததும் முதலில் கண்டவன் றிஸ்மினாவின் அண்ணன் றமீஸ். வள்ளத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவன். கிடந்த துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தான். முதல் அடி அவளுடைய தோளில் விழுந்தது. இரண்டாவது காதோரத்தில். மண்ணில் முழங்காலூன்றி விழுந்தாள். "என்ர தங்கச்சியின்ர கண்ணை எடுத்துட்டு எந்த முகத்தோட வந்தனீ?" மூன்றாவது முதுகில். யார் அடித்தாலும் திருப்பிக் கொடுக்காமல் விட்டறியாத பிரான்சிஸ்கா, இரண்டு கையையும் மண்ணில் ஊன்றியபடி வாங்கினாள். வின்சன்ட் இப்படித்தான் கிடந்தான். துடுப்பு எலும்பில் விழும் சத்தம் உள்ளிருந்து கேட்கும்போது எப்படியிருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

"விடுடா! அல்லாவுக்குப் பயந்து விடுடா!" பாயிஸ் ஓடிவந்து மகனைப் பின்னால் இழுத்துத் தள்ளினார். துடுப்பைப் பறித்து வேலிக்கு அப்பால் எறிந்தார். பிறகு மூச்சிரைக்க அவளுக்கு முன்னால் குந்தினார். அவர் கையோங்கியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் அழுதார்.

"மிஸ், கண்ணை மட்டும் விட்டுட்டு எண்டுதானே நான் சொன்னனான்."

விசாரணையில் நடந்ததை அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். பிழை பிள்ளையில் இல்லை, செலவெல்லாம் தருவார்கள், கம்பசுக்குப் போகத் தடையில்லை. காதிலிருந்து இரத்தம் வடிந்து கழுத்துச் சட்டையை நனைத்தது. பாயிஸ் தலையசைத்துக்கொண்டே கேட்டார்.

வாசலில் அரவம் கேட்டது. றிஸ்மினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைச்சீலைக்குள் பாதி முகம் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது, மற்றப் பாதியில் அந்தப் பெரிய கண் ஒன்று. கன்னத்தில் மஞ்சள் தழும்புகள்.

பிரான்சிஸ்கா எழும்பினாள். என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை என்று சொல்லத்தான் வந்தாள். கிட்டப் போய், அந்தக் கன்னத்தை ஒருதரம் தடவிவிடலாம் என்று வலது கையைத் தூக்கினாள்.

பிள்ளை சடாரென்று பின்வாங்கினாள். தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மிஞ்சியிருந்த கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"ஓம் மிஸ்" என்றாள். "ஓம் மிஸ், ஓம் மிஸ்."

அவளிடம் யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.